உட்கார்ந்து ஜெபித்த ராஜா

மாசிலாமணி உபதேசியார் இறந்துபோன செய்தியை நெமிலியிலிருந்து வந்த வெல்ல வியாபாரி ஒருவர்தான் சொன்னார். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, "உங்க பழைய உபதேசியாரு போய்ட்டாரும்மா. முந்தாநேத்தே அடக்கம் பண்ட்டாங்க" என்றார். ஆம்பூர்ச் சபையில் எத்தனை பேருடைய குழிமேட்டில் நின்று ஜெபித்தவர் அவர்! அவருக்கு ஒரு பிடி மண் போட எங்களில் ஒருவரும் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மிஷன் பள்ளியில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவர் வேதபாடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவதும் அவரே. பாட்டு அவருக்கு வரவே வராது. அவர் கீர்த்தனை எடுத்தால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்குவோம். அவரோ கொஞ்சமும் வெட்கப்படாமல் அடுத்த சரணத்தையும் எடுப்பார்.

எங்கள் சபையில் பாதிப் பேர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். ஏசடியானுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. வாரம் முழுக்க முழங்கால்வரை சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று கால் புண்ணாகிக் கிடக்கும். பொது ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது சபை வழக்கம். அந்த ஜெபமும் ஊரையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஆமேனுக்கு வரும். ஒரு ஞாயிறு, பாதி ஜெபத்தில் ஏசடியான் பாயில் உட்கார்ந்துவிட்டார். சபை மூப்பர் குடைக் காம்பால் அவர் தோளைத் தட்டினார். உபதேசியார் ஜெபத்தை நிறுத்தினார்.

"தாவீது ராஜா ஆண்டவர் சமுகத்துல குந்தினு ஜெபம் பண்ணாரு. ராஜா குந்தலாம், ஏசடியான் குந்தக் கூடாதா?"

சொல்லிவிட்டுத் தாமும் பீடத்துப் படியில் உட்கார்ந்து மீதி ஜெபத்தை முடித்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவரோடு சண்டைக்கே போனேன். "எல்லாரும் பார்க்க இப்படிப் பண்ணலாமா?" என்றேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஆண்டவருக்கு ஒரு வீடு கட்டணும்னு ஆசைப்பட்டாரு தாவீது. நீ கட்ட வேணாம், உன் மகன் கட்டட்டும், உன் வீட்ட நான் என்னிக்கும் நிக்க வைக்கிறேன்னு பதில் வந்துச்சி. கோச்சிக்கல, டீச்சரம்மா. உள்ள போயி குந்தினாரு. நான் யாரு, என் வீடு இன்னான்னு கேட்டாரு. அப்பிடி உரிமையா குந்தினு பேசற ஜெபம் அது."

"மகன் சாலோமோன் வந்து என்ன கிழித்தார்? ஜனங்கள் முதுகில் சுமையைத்தானே ஏற்றினார்?" என்றேன் விடாமல்.

"அதான் சொல்றேன். வந்த ராஜா ஒருத்தரும் அந்த ஜெபத்துக்குப் பத்தல. அதனாலதான் அந்த ஜனம் இன்னொரு ராஜாவுக்காக வழி பார்த்தினே இருந்துச்சி. அவரு வந்துட்டாருன்னு நாம சொல்றோம். நம்ம கோயிலுக்கு வந்தா எங்க குந்துவாரு? ஏசடியான் பக்கத்துலதான்."



ஆராதனை ஒழுங்கைக் கெடுத்தார் என்று மூப்பர்கள் மிஷன் துரையிடம் முறையிட்டார்கள். கூட்டம் போட்டார்கள். பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. நானும் இன்னும் சிலரும் கிணற்றடியில் நின்று பொருமினோம். உபதேசியாருக்கு நெமிலிக்கு மாற்றல் வந்தது. பெட்டியும் பாயும் ஒரு வண்டியில் ஏறின. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எங்களுக்கு மனம் லேசாகியிருக்கும். சொல்லவில்லை.

நெமிலிப் பக்கம் போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே செய்தியைத்தான் கொண்டுவருவார்கள். சௌக்கியம் கேட்பதற்கு முன்பே அவர் கேட்பாராம்: "குந்த வுடறாங்களா?" இல்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு, "வுடுவாங்க" என்பாராம். அவரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று சபையில் பேச்சு எழுந்தது. அறுவடை முடியட்டும், பண்டிகை போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனோம். அவ்வளவு நாள் அவர் இருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

போன ஞாயிறு அவருக்காக நினைவு ஆராதனை நடந்தது. ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்தோம். மூப்பரின் முகம் வாடிப்போயிருந்தது. அவர் ஏசடியான் பக்கம் குனிந்து, "நீ குந்துப்பா" என்றார்.

"இன்னிக்கு வாணாங்க. அவரு உசுரோட இருக்கசொல்ல இதச் சொல்லியிருக்கணும்" என்றார் ஏசடியான். கால் நடுங்க நடுங்க, ஆமேன்வரை நின்றார். மூப்பர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

உபதேசியாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, "குந்த வுடறாங்களா?" என்ற அந்த ஒரு கேள்விதான். இந்த ஞாயிறு ஜெபத்தின் நடுவில் ஏசடியான் பாயில் உட்கார்ந்தார். அவரோடு இன்னும் சிலரும் உட்கார்ந்தார்கள். மூப்பரின் குடை அசையவில்லை. இதை உடனே உபதேசியாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும், நெமிலிக்கு யார் போகிறார்கள் என்று கோயில் முழுக்கக் கண்ணால் தேடினேன். அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது.