என் பலகையில் வாப்பாவின் பாட்டு

எங்கள் வீட்டில் ஓதுவது வேறு, படிப்பது வேறு. அரபு எழுத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னால் அது ஓதல். அதற்குப் பொருள் தெரிய வேண்டியதில்லை, உச்சரிப்பு பிசகாமல் இருந்தால் போதும். தமிழையோ இங்கிலீஷையோ பார்த்துச் சொன்னால் அது படிப்பு. அதற்குப் பொருள் தெரியாவிட்டால் முதுகில் அடி விழும். எட்டு வயதில் நான் ஓதுவதில் புலி. படிப்பைப் பற்றி இப்போது எதற்குப் பேசவேண்டும்?

படிப்பெல்லாம் காக்காவிடம் இருந்தது. அண்ணனை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவன் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் செய்யுள்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். தூத்துக்குடி வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, முற்றத்தில் நின்று பனி பொழிவதைப் பற்றி உருகி உருகிச் சொல்லுவான். எங்களுக்குப் பனி என்றால் மார்கழியில் காதை மூடிக்கொள்ளும் சமாசாரம், அவ்வளவுதான். உம்மா மட்டும் அடுக்களை வாசலில் வந்து நின்று, அவன் முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் போவாள். உனக்கு இதில் என்ன விளங்கும் என்று அவன் கேட்டால், சத்தம் நன்றாக இருக்கிறது என்பாள்.

வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். அவருடைய கடிதங்களைக் காக்காதான் உம்மாவுக்குப் படித்துக் காட்டவேண்டும், உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒருமுறை சர்க்கார் ஆள் ஒருவர் வீடுவீடாக ஜனங்களைக் கணக்கெடுக்க வந்தார். வீட்டுப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். வாசலிலேயே நின்று, ஒருவருக்கும் தெரியாது என்று காக்கா சொல்லி அனுப்பிவிட்டான். உள்ளேயிருந்து யாரும் மறுக்கவில்லை. ஒரு அதிகாரியிடம் அத்தனை தைரியமாகப் பேசுகிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் உலகச் சண்டை முற்றிப்போய், கொழும்பில் குண்டு விழுந்தது என்ற செய்தி வந்தது. போக்குவரத்து நின்றுபோனது. வாப்பா நலமாக இருக்கிறார் என்று யார் மூலமாகவோ ஒரு சொல் வந்ததோடு சரி, கடிதம் வருவதே நின்றுவிட்டது. என் அக்கா லாத்தாவின் கல்யாணத்துக்கோ முன்பே நாள் குறித்தாகிவிட்டது. வாப்பாவின் இடத்தில் நின்று நிக்காஹ் நடத்திக்கொடுக்க அவருடைய அண்ணன், பெரிய வாப்பா, சம்மதித்தார். எல்லாம் முறைப்படி சரிதான், லாத்தா ஒருத்தியைத் தவிர. வாப்பா தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் எப்படி இந்த வீட்டை விட்டுப் போவேன் என்று அழுதுகொண்டே இருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மருதாணி வைக்கப் பெண்கள் வந்து கூடினார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அரைத்த மருதாணி கிண்ணத்தில் காய்ந்துகொண்டிருந்தது, லாத்தா கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தலை குனிந்தே இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லையோ என்று அவர்களில் ஒருத்தி காதோடு காதாகக் கேட்டது எனக்கே கேட்டது. உம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

உம்மா உள்ளே போய் என் ஓதும் பலகையை எடுத்துவந்தாள். மையால் எழுதி, பாடம் முடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி எழுதும் மரப்பலகை அது. காகிதம் கிடைக்காத காலம் என்பதால் வீட்டில் எது எழுதுவதானாலும் அதில்தான். அன்று அதில் நான் பார்த்திராத பாடம் ஒன்று நிறைய எழுதியிருந்தது. உம்மா அதைச் சாச்சியிடம் கொடுத்தாள். உம்மாவின் தங்கையான சாச்சிதான் எங்கள் தெருவின் பாட்டுக்காரி. ஆனால் மூன்று நாள் கல்யாண வீட்டில் கத்திக் கத்தி, அன்றைக்குப் பார்த்து அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மற்றவர்கள் உம்மாவின் எழுத்து பிடிபடவில்லை என்று பலகையைக் கைமாற்றினார்கள். தினமும் எனக்குப் பாடம் எழுதித் தருபவள் உம்மா. அந்த எழுத்து என் கண்ணுக்குப் பழக்கம். பலகை கடைசியில் என் மடிக்கு வந்து சேர்ந்தது.

உம்மா என் காதில், "வாப்பா சொல்லி அனுப்பினது. பிசகாம ஓது" என்றாள்.

கடிதமே வராதபோது அது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் வந்தது என்றால் வந்ததுதான். பிஸ்மி சொல்லி, குர்ஆன் ஓதும் ராகத்தில் இழுத்து ஆரம்பித்தேன். கூடியிருந்த பெண்கள் மரியாதையாக முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். எழுத்துகளுக்கு மேலும் கீழும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் புள்ளிகள் இருந்தன. அவசரத்தில் உம்மா மையைச் சிந்திவிட்டாள் என்று நினைத்து, எழுத்தை மட்டும் பார்த்துக் கூட்டினேன். ம. அடுத்து க. அடுத்து, ரமளானில் வருகிற ள.

மகளே.

தற்செயல் என்று நினைத்தேன். விரலை நகர்த்தினேன். கண்மணியே என்று வந்தது. இன்னும் நகர்த்தினேன். கடல் என்று வந்தது. நாலு வருஷமாக ஓதுகிறேன், அந்த எழுத்துகள் ஒருநாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவை வானத்திலிருந்து வந்தவை, நம்மோடு எதற்குப் பேசப்போகின்றன என்றிருந்தேன். இப்போது என் மடியிலிருந்த பலகை, வீட்டில் நாங்கள் சோறு கேட்கிற அதே பேச்சில் பேசிக்கொண்டிருந்தது. ஆண்டவன் எனக்கு ஏதோ கராமத்தை, அவுலியாக்களுக்குக் கிடைக்கும் அற்புத சக்தியை, கொடுத்துவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயத்திலும் சந்தோஷத்திலும் அழுகை முட்டியது.

"உம்மா, எனக்கு அரபு புரியுது" என்றேன்.

அப்போது கிளம்பிய சிரிப்பு இருக்கிறதே, மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்துகொண்டார்கள். சாச்சி அந்தக் கட்டிய தொண்டையோடு என்னைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏளா, எழுத்துதான் அரபு. பேச்சு நம்ம பேச்சுல்லா. விடாமச் சொல்லு" என்றாள்.

கராமத்து போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் பலகையைப் பார்த்தால் வியப்பு குறையவில்லை. அரபிக் கடல் தாண்டி எப்போதோ வந்த எழுத்துக்குள் உட்கார்ந்துகொண்டு தமிழ் என்னைப் பார்க்கிறது. இதைவிடப் பெரிய கராமத்து எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தமுறை ராகம் தானாக மாறி, சாச்சி தாலாட்டுகிற மெட்டுக்கு வந்துவிட்டது.

மகளே என் கண்மணியே, மாலைப் பிறையழகே,
கடல்வழி அடைத்ததென்று கலங்கி நிற்காதே.
அலைவந்து கரைதொட்டால் அது வாப்பா கையென்று
தலைகுனிந்து வாங்கிக்கொள், தந்தேன் என் துஆவை.

இன்னும் பல அடிகள் இருந்தன. கொழும்புக் கடையில் சாம்பிராணி மணக்கும்போதெல்லாம் மகளின் கூந்தலை நினைப்பதாக ஒரு அடி. அவள் நடைபழகிய முற்றத்தில் இனி வெயில்தான் நடக்கும் என்று ஒரு அடி. சிரித்தவர்கள் எப்போது அழ ஆரம்பித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது மாப்பிள்ளையின் தாயாரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். லாத்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, மருதாணிக்காரியின் முன்னால் நீட்டினாள்.

வாசலுக்கு வெளியே காக்கா நின்றிருந்தான். பெண்கள் கூட்டத்துக்குள் வரமுடியாமல் அங்கிருந்தே கேட்டிருக்கிறான். வாப்பாவுக்கு இப்படியெல்லாம் பாடத்தெரியும் என்று எனக்குத் தெரியாதே என்று அன்றைக்கு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கல்யாணம் முடிந்து என் பாடம் மறுபடி தொடங்கியது. பலகையைக் கழுவவேண்டும் என்றபோது நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாப்பாவின் பாட்டு, அதை எப்படி அழிப்பது? உம்மா என் கையிலிருந்து பலகையை வாங்கி, தண்ணீர் ஊற்றி, சட்டி கழுவுகிறவள்போலச் சாவதானமாகத் தேய்த்தாள். கறுப்புத் தண்ணீரை யார் காலிலும் படாமல் மல்லிகைத் தூரில் ஊற்றினாள். அவளுக்குக் கொஞ்சம்கூட மனம் வலிக்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நல்லவேளை, அதற்குள் முழுப்பாட்டும் எனக்கு மனப்பாடமாகியிருந்தது.

சண்டை முடிந்தபிறகுதான் வாப்பா வந்தார். லாத்தாவின் பிள்ளை அப்போது முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாப்பா குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்ததும், நான் இத்தனை நாள் காத்துவைத்ததை அவர் முன்னால் நின்று ஒரு அடி விடாமல் பாடினேன். வாப்பா இன்னொருதரம் பாடச் சொன்னார். பாடினேன்.

"இது யாரு பாட்டும்மா?" என்று கேட்டார்.

"நீங்க லாத்தாவுக்குச் சொல்லி அனுப்பினதுதான், வாப்பா. மறந்துபோச்சா?"

வாப்பா என்னைப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். அங்கே உம்மா அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மீனை ஆய்வதற்கு இவ்வளவு கவனம் வேண்டியதில்லை. வாப்பா, அடுக்களைக்குக் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னார்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கேன்."

உள்ளே உம்மா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சொந்த மகளுக்குச் சொன்ன பாட்டை ஒரு மனுஷர் எப்படி மறந்துபோவார் என்று எனக்கு வாப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. அன்று இரவு நான் அவரோடு பேசவே இல்லை.