கோணல் ஹேண்டிலும் ஆடாத மேகமும்

பொன்னுதுரைக்கு இருபத்து நான்கு வயது. அதற்குள் நூறு படங்களுக்கு மேல் சுமந்துவிட்டான். ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது.

குற்றம் அவனுடையது அல்ல. முதலாளி கலியாணசுந்தரத்துக்குக் கொட்டகை இரண்டு, படப்பிரதி ஒன்று. செமாபோக் கொட்டகையில் இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கும். தெங்கேரா கொட்டகையில் ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கும். செமாபோக்கில் ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் அடைத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் ரப்பர் வாரால் கட்டி, தெங்கேராவில் முன் ரீல் தீர்வதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்த கையோடு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். அங்கே இரண்டு நிமிஷம், இங்கே இரண்டு நிமிஷம், ஆப்பரேட்டர் அறையின் ஓட்டை வழியாகத் தெரிவதுதான் அவன் கண்ட சினிமா.

கதாநாயகி அழுவாள், ஏன் என்று தெரியாது. வில்லன் காலில் விழுவான்; என்ன செய்தான் என்று தெரியாது. நடுவில் விட்டுப்போனதை எல்லாம் பொன்னுதுரை மோட்டார் ஓட்டிக்கொண்டே தன் மண்டைக்குள் எடுத்து முடித்துக்கொள்வான். அந்தப் பழைய பி.எஸ்.ஏ.வின் சத்தம் அதற்குத் தோதான தாளம். கடற்காற்று ஒரு பக்கம், வேலியோர மல்லிகை ஒரு பக்கம் என்று சாலை மிதந்துகொண்டே போகும். ஒருமுறை அவன் மண்டைக்குள் நடந்த கல்யாணம் முடியாததால் தெங்கேராவைத் தாண்டி ஒரு மைல் போய்விட்டான். தாலி கட்டிய பிறகுதான் திரும்பினான்.

மலாயாவில், ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவனும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டார்கள். டவுனுக்கு வந்து பசைவாளியும் கையுமாகச் சுவரில் படத்தாள் ஒட்டினான். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் வில்லனைத் தலைகீழாக ஒட்டிவிட, அது என்ன படமோ என்று கூட்டம் கூடிவிட்டது. அன்றிலிருந்து முதலாளிக்கு அவன்மேல் ஒரு கண். மோட்டார் சைக்கிளைக் கொடுத்தது அப்படித்தான்.

1957 ஆகஸ்டு பிறந்ததும் முதலாளி கூப்பிட்டார்.

"டேய் துரை. கருணாகரனுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. செப்டம்பர்லேர்ந்து அவன்கூட ஆப்பரேட்டர் ரூம்ல நில்லு."

"நெசமாவா முதலாளி? அங்கேயே நிக்கறதா? படம் முடியற வரைக்கும்?"

"பின்ன, பாதியில எழுந்து போறதுக்கா? ஆனா ஒன்னு. இந்த மாசம் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ லேட்டா வந்தே, என் தங்கச்சி மவன் தேவதாஸ் சும்மாத்தான் இருக்கான். அந்த ரூமுக்கு அவன் ஏறிடுவான்."

முழுப்படம்! தொடக்கத்திலிருந்து வணக்கம் வரைக்கும்! பொன்னுதுரைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இருபத்து நான்கு நாள் ஒரு நிமிஷம் பிசகாமல் ஓட்டினான். கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அடுத்த சனிக்கிழமை நாட்டுக்குச் சுதந்திரம். டவுன் முழுக்க மூங்கில் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிகள் குறுக்கே நின்றதால் பொன்னுதுரை காஜா பேராங் சாலை வழியாகச் சுற்றிப் போனான். பெட்டிக்குள் கடைசி மூன்று ரீல். அதில்தான் அவனை இரண்டு வாரமாகத் தூங்கவிடாத விஷயம் இருந்தது. கதாநாயகனைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள். அதை ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டான். பிறகொரு நாள் பார்த்தபோது ஆள் யானைமேல் மாப்பிள்ளையாக வருகிறான். கிணற்றிலிருந்து எப்படி ஏறினான்?

மழை பெய்திருக்கும் என்று நினைத்தான் பொன்னுதுரை. விடாமல் மழை. கிணறு கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிறது. அவன் நீச்சலடித்தபடியே மேலே வருகிறான். அரளிப்பூ ஒன்று கூடவே மிதந்து வருகிறது...

எதிரே ஏழு வாத்துகள் சுதந்திர ஊர்வலத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோல் வரிசையாகச் சாலையைக் கடந்தன.

ஹேண்டிலை வெட்டினான். முன்சக்கரம் சாலையோரச் சாக்கடையின் சிமெண்டு விளிம்பில் மோதி, வண்டி ஒரு பக்கம், அவன் சாக்கடைக்குள் ஒரு பக்கம். பெட்டி மட்டும் கட்டிய இடத்திலேயே பத்திரமாக இருந்தது.

"அலாமாக்! என் வாத்து!"

கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக ஒருத்தி ஓடிவந்தாள். நெற்றியில் பொட்டு. செட்டிக் கம்பத்துப் பெண். அவள் முதலில் எண்ணியது வாத்துகளைத்தான். ஏழும் இருந்தன. பிறகுதான் சாக்கடைக்குள் பார்த்தாள்.

பொட்டைப் பார்த்ததும் பொன்னுதுரை தமிழில் மடமடவென்று பொரிந்து தள்ளினான். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மலாயில், "எனக்குத் தமிழ் தெரியாது, அபாங். ஆனா நீ திட்டறேன்னு புரியுது" என்றாள். அந்தக் கிராமத்துச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுவது தமிழ்ச்சாமி, பேசுவது மலாய். அதன் பிறகு இருவரும் பேசியது மலாய்தான்.

"உன் வாத்துங்களுக்கு ரோட்டைப் பாத்துப் போகத் தெரியாதா?"

"அதுங்க பாத்துத்தான் போச்சு. நீதான் வானத்தைப் பாத்துக்கிட்டு வந்தே. இனிமே ஒரு வாரத்துக்கு முட்டை போடாது, தெரியுமா?"

வண்டியைத் தூக்கி நிறுத்தினான். சக்கரம் நேராக இருந்தால் ஹேண்டில் வலப்பக்கம் பார்த்தது. ஹேண்டிலை நேராக்கினால் சக்கரம் வேலியைப் பார்த்தது. சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நின்றன. டயர் மட்கார்டில் உரசியது. தள்ளக்கூட முடியாது.

"மணி என்ன?"

அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "அஞ்சடிக்க இருபது நிமிஷம்."

ஐந்துக்குத் தெங்கேராவில் ரீல் தீர்ந்துவிடும். மிச்ச தூரம் பத்து நிமிஷம். ஆக, கையில் பத்து நிமிஷம்.

சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு ஸ்பேனரை எடுத்தான். ஃபோர்க் குழாய்களின் தலையில் இருக்கும் பெரிய நட்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் கீழ்ப்பட்டையின் போல்ட்டுகள், சக்கர அச்சின் நட்டு எல்லாவற்றையும் தளர்த்தினான். கழற்றவில்லை, பிடி விட்டால் போதும். பிறகு வண்டிக்கு எதிரே நின்று, முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகினான். கிறீச்சென்று ஒரு சத்தம். கொஞ்சம் வந்தது.

"சப்பையா, தட்டையா, ஒரு கண்ணாடி இருக்குமா?" டவுனில் ஒரு சீன மெக்கானிக் ஜன்னல் கண்ணாடியை வைத்துச் சரிபார்ப்பதைக் கண்டிருக்கிறான்.

அவள் வாசல் தூணில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்தாள். பேர் மீனாச்சி என்றாள், கேட்காமலே. கண்ணாடியை இரண்டு குழாய்களுக்கும் குறுக்கே சாய்த்து வைத்தான். நாலு மூலையும் படிந்தால் குழாய்கள் ஒரே நேரில் நிற்கின்றன என்று அர்த்தம். படியவில்லை. விரலால் தொட்டதும் டக்டக்கென்று ஆடியது. கண்ணாடிக்குள் ஒரு வெள்ளை மேகம் விழுந்திருந்தது. அதுவும் தொட்டில்போல் ஆடியது.

இருவரும் ஒரு நொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேகம் ஆடாம நிக்கணும்" என்றான் பொன்னுதுரை.

"அந்தப் பெட்டியில என்ன?"

"படம்." பேரைச் சொன்னான்.

மீனாச்சியின் கண் பெரிதானது. "வெள்ளிக்கிழமை போனேன்! அவனைக் கிணத்துல தள்ளினாங்க, அக்கா புள்ளை வீல்னு அழுதான், எழுந்து வந்துட்டோம். எப்படி ஏறினான்? சொல்லு. சொன்னாத்தான் கண்ணாடி."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படப்பெட்டியோடு வருகிறவன் கதை தெரியாது என்று எப்படிச் சொல்வது? சக்கரத்தை முழங்காலில் இடுக்கியபடியே சொன்னான்: விடாத மழை, நிறைகிற கிணறு, மிதக்கிற அரளி. சொல்லச் சொல்ல அவனுக்கே அது படமாக ஓடியது. நிலா வேறு வந்து சேர்ந்துகொண்டது.

மீனாச்சி பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து கேட்டாள். வாத்துகள்கூடச் சும்மா நின்றன.

"அஞ்சடிக்கப் பதினோரு நிமிஷம்" என்றாள் கடைசியில், மெதுவாக.

திருகித் திருகி ஓரளவு நேராக்கினான். ஆனால் முறுக்கி இறுக்குமுன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. சீட்டில் ஆள் உட்கார்ந்து நாலு குலுக்குக் குலுக்கினால்தான் குழாய்கள் தங்கள் இடத்தைத் தேடி உட்காரும். போட்ட படுக்கை பிடிக்காத குழந்தை மாதிரி அது, தட்டிக்கொடுக்காமல் அடங்காது. அவன் முன்னால் சக்கரத்தைப் பிடித்திருக்கிறான். சீட்டுக்கு யார்?

"நீ ஏறி உக்காரு. கொஞ்சம் குதி."

மீனாச்சி பின்னால் நகர்ந்தாள். "உன் மோட்டார்ல நானா? கம்பத்து ஜன்னல் எல்லாம் கண்ணு வெச்சிருக்கு, அபாங். நாளைக்கு நமக்குக் கல்யாணம்னு சொல்லிடுவாங்க."

பொன்னுதுரையின் காது சூடானது. குலுக்காமலே நட்டுகளை இறுக்கினான். கண்ணாடியை வைத்தான். மேகம் இன்னும் ஆடியது, முன்னைவிடக் குறைவாக.

"லுருஸ் இல்ல, நேரா வரல" என்றாள்.

"போதும்."

போதவில்லை. வண்டி ஓடியது, ஆனால் அவன் தெங்கேராவுக்குப் போகிறான், ஹேண்டில் வேறெங்கோ வேண்டுதல் வைத்ததுபோல் கடற்பக்கமே இழுத்தது. வேகம் எடுத்தால் முன்பக்கம் உதறியது. சைக்கிளில் போன மீன்காரர் அவனைத் தாண்டிப் போனார். ஒரு மாதிரி பார்த்துவிட்டும் போனார்.

கொட்டகை வாசலில் நுழையும்போதே விசில் சத்தம் கேட்டது. உள்ளே திரை வெறும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

ஐந்து மணி ஆறு நிமிஷம்.

ஆப்பரேட்டர் கருணாகரன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "என்னடா தம்பி, சட்டையெல்லாம் சாக்கட? இன்னும் ஆறு நாளுதானே!"

முதலாளி திட்டவில்லை. அதுதான் மோசம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், ஹேண்டிலை ஆட்டிப் பார்த்தார்.

"இதுல நீ திரும்பப் போகாத. விழுந்து சாவே. பெட்டிய டாக்சில அனுப்பிக்கிறேன்." ஹேண்டிலை விட்டுவிட்டுத் திரும்பினார். "தேவதாஸ்கிட்ட சொல்லிடறேன்."

"சரிங்க முதலாளி."

போவதற்கு இடமில்லை, செய்வதற்கு வேலையில்லை. பொன்னுதுரை உள்ளே போய் முதல் வரிசைக்கும் முன்னால் தரையில் உட்கார்ந்தான். கடைசி மூன்று ரீலும், வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கூப்பிடாமல், ஓட்டை வழியாக இல்லாமல், அவன்மேல் மொத்தமாக வந்து விழுந்தன. யானையின் காது அவன் தலைக்கு மேல் பாய்மரம்போல் விசிறியது. கண்ணில் நீர் வந்தது. ரீல் தூசி என்று துடைத்துக்கொண்டான்.

கிணற்றுக் காட்சியும் வந்தது. ஆடு மேய்க்கிறவன் ஒருவன் எட்டிப் பார்க்கிறான். கயிற்றைப் போடுகிறான். கதாநாயகன் ஏறி வந்துவிடுகிறான்.

அவ்வளவுதானா?

படம் விட்டதும் முதலாளியின் வழக்கமான பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். பக்கத்தில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போய்ப் பார்க்கவில்லை. காஜா பேராங் வரைக்கும் தள்ளினான்.

வானம் சிவக்கத் தொடங்கியிருந்தது. மீனாச்சி வாத்துகளைக் கூண்டுக்குள் விரட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஆச்சரியப்படாமல் கண்ணாடியைத் தூணிலிருந்து கழற்றினாள்.

"அம்மா! அந்த மோட்டார் ஆள் வந்துட்டான்!"

பகலில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்தார். நல்ல கனமான அம்மா. கன்னத்தில் வெற்றிலை அடக்கியிருந்தார். மகள் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை கேட்காமல் சாரோங்கை ஒதுக்கிக்கொண்டு சீட்டில் பக்கவாட்டாக ஏறி உட்கார்ந்தார். வண்டி முனகியது.

பொன்னுதுரை எல்லா நட்டையும் மறுபடி தளர்த்தினான். சக்கரத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டான்.

"குலுக்குங்கம்மா."

யானைமேல் போகிற ராணியைப்போல் அம்மா குலுங்கினார். ஒரு குலுக்குக்கு ஒரு கேள்வி. பேர் என்ன? எந்தத் தோட்டம்? எந்தக் கோயிலுக்குப் போவே? அம்மா அப்பா இருக்காங்களா? ஒவ்வொரு பதிலுக்கும் குழாய்கள் ஒரு மயிரிழை அசைந்து, தங்கள் இடத்தைக் கண்டுகொண்டன. ஐந்தாவது குலுக்கில் உள்ளே எதுவோ பெருமூச்சு விட்டது. அச்சு நட்டு, கீழ்ப்பட்டை, தலை நட்டு என்று நிதானமாக இறுக்கினான்.

மீனாச்சி கண்ணாடியை வைத்தாள். விரலால் ஒரு மூலையைத் தொட்டாள். இன்னொரு மூலையைத் தொட்டாள்.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் கண்ணாடிக்குள் அசையாமல் கிடந்தது. குனிந்து பார்த்த இரண்டு முகங்களும் அதன் ஓரத்தில் இருந்தன.

"லுருஸ்" என்றாள்.

"மீனாச்சி." ஸ்பேனரைக் கீழே வைத்தான். "கிணத்துக் கதை நான் சொன்னது பொய். இன்னிக்குப் பாத்தேன். மழை இல்ல. ஒருத்தன் கயிறு போட்டான், ஏறிட்டான்."

"கயிறா?"

"வெறும் கயிறு."

அவள் யோசித்தாள். "நிலா?"

"பகல்ல எடுத்திருக்காங்க."

"அப்ப அவங்கதான் தப்பா எடுத்திருக்காங்க" என்று கண்ணாடியை எடுத்துக்கொண்டு தூணில் மாட்டப் போனாள். அம்மா இன்னும் சீட்டிலிருந்து இறங்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருந்தது.

செப்டம்பர் முதல் தேதியும் ஞாயிற்றுக்கிழமைதான். நாடு சுதந்திரம் அடைந்து ஒரு நாள் ஆகியிருந்தது. தேவதாஸ் ஆப்பரேட்டர் அறைக்குள் போனான். பாதிப் படத்தில் தூங்கிவிட்டான் என்று கருணாகரன் தலையில் அடித்துக்கொண்டார். டவுன் சாலையில் லாரிகள் போய்விட்டன, வழி திறந்துவிட்டது. பொன்னுதுரை அந்த வழியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹேண்டில் தானாகவே காஜா பேராங் பக்கம் திரும்பியது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஃபோர்க் அவ்வளவு நேராக இருந்தது.

வேலிக்குப் பின்னால் ஏழு வாத்துகளும் மரியாதையாக நின்றன. வாசலில் மீனாச்சி கண்ணாடியைத் திருப்பி வெயிலை அவன் முகத்தில் அடித்தாள்.

"மறுபடி விழுந்தா நான் பொறுப்பில்ல, அபாங்! இந்த வாரப் படம் என்ன கதை?"

பெட்டியில் இருந்தது நடு ரீல். முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. கையில் மூன்று நிமிஷம் மிச்சம் இருந்தது. பொன்னுதுரை ஒரு காலை ஊன்றி நிறுத்தி, "ஒரு தீவு இருக்கு" என்று தொடங்கினான்.