நாடு மனந்திரும்பிய ஞாயிறு

எங்கள் சபையில் அவரை மணிக்காரர் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். மணி அடிப்பது அவருடைய வேலையில் ஒரு பங்கு மட்டுமே. ஆலயத்தைத் திறப்பது, பூட்டுவது, பெஞ்சு துடைப்பது, தண்ணீர்த் தொட்டியில் பல்லி விழுந்தால் எடுத்துப் போடுவது எல்லாம் அவர்தான். ஆலயத்தின் பின்புறம் ஓர் அறையும் அடுப்படியும் சபை கொடுத்திருந்தது. அதில் அவரும் மனைவியும் இருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. நான் சபைச் செயலராக இருந்த காலம் முழுவதும் ஆராதனையில் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் பின்சுவரை ஒட்டி நிற்பார். ஆசீர்வாதம் முடிந்த கையோடு மணி ஒலிக்க வேண்டும். உட்கார்ந்தால் முழங்கால் எழ மறுத்துவிடும் என்பார்.

அவருக்கு ஒரே தங்கை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மலிவு விடுதியில் தன் சிறு மகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். குழந்தையின் தகப்பன் யார் என்று அவள் சொல்லவில்லை. அண்ணன் கேட்கவும் இல்லை. மற்றவர்கள்தான் கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

அந்த ஆண்டு நாட்டின் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி, தேசம் ஒழுக்கம் இழந்துவிட்டது, கடவுளிடம் திரும்ப வேண்டும் என்று பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்றே குறித்தார்கள். எங்கள் சபையில் அந்தப் பேச்சைக் கேட்டுப் பலர் அழுதார்கள். நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். கண்ணீர் உண்மையான கண்ணீர்தான். அது விசுவாசம்தானா என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது.

சபைக்குழுவில் மூத்தவரான மரக்கடைக்காரர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நகரிலுள்ள ஒழுக்கக்கேடான விடுதிகளை மூடும்படி நகராட்சியைச் சபை கேட்டுக்கொள்ள வேண்டும். போதகர் அதை ஆராதனை முடிவில் வாசித்து, "ஒப்புதல் உள்ளவர்கள் எழுந்து நிற்கவும்" என்றார். எங்கள் வழக்கத்தில் தீர்மானங்கள் எப்போதும் ஆசீர்வாதத்துக்குச் சற்று முன்புதான் வரும். எப்படியும் எழ வேண்டும் என்பதால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அன்றும் எழுந்தார்கள். ஏகமனதாக நிறைவேறியது. எந்தெந்த விடுதிகள் என்று யாரும் கேட்கவில்லை.

பல சபைகள் சேர்ந்து கேட்டதால், தெருவிளக்குக்குக்கூட அசையாத நகராட்சி அசைந்தது. தங்கையின் விடுதிக்கும் பூட்டுப் போட ஆணை வந்தது. குறித்த ஞாயிறு காலைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

மணிக்காரர் போதகர் வீட்டுக்கு வந்தார். ஞாயிறு நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்ய நானும் மரக்கடைக்காரரும் அங்கே இருந்தோம்.

"ஐயா, என் தங்கச்சியும் பிள்ளையும் எங்க அறையில இருந்துக்கட்டும். வேற இடம் கிடைக்கிற வரைக்கும்தான்."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விதி உங்களுக்குத் தெரியுமே. பணியாளர், மனைவி, பிள்ளைங்க. அவ்வளவுதான். அதுவும் இப்போ நாடே நம்மளைப் பார்த்துக்கிட்டு இருக்கு."

"மூடச் சொன்னதே நாம," என்றார் மரக்கடைக்காரர். "அங்க இருந்தவங்களையே கொண்டுவந்து வளாகத்துல வச்சா ஊர் சிரிக்காதா? நீங்களும்தானே எழுந்து நின்னீங்க?"

"நான் என்னைக்குங்க உட்கார்ந்தேன்?"

"அன்னைக்காவது உட்கார்ந்திருக்கணும்."

மணிக்காரர் அவரிடம், "உங்க கடைக்கு மேல மாடி காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

"குடும்பமா இருக்கறவங்களுக்குத்தான் விடுறது."

"அம்மாவும் மகளும் குடும்பம் இல்லீங்களா?"

மரக்கடைக்காரர் நிகழ்ச்சித் தாளைப் புரட்டினார். ஒரு மாதத்துக்கு விலக்குக் கொடுக்கலாமே என்று நான் சொன்னேன். குழு கூடட்டும் என்றார்கள். குழு அந்த மாதம் கூடாது என்பது எனக்குத் தெரியும். நான் இருப்பதோ மகள் வீட்டு முன்னறையில். அன்று மாலை மருமகனிடம் கேட்டுப் பார்த்தேன். "நமக்கு எதுக்கு மாமா வம்பு?" என்றார், மிகவும் மரியாதையாக.

ஞாயிறன்று தங்கை தகரப்பெட்டியோடும் மகளோடும் நேரே ஆலயத்துக்கு வந்துவிட்டாள். அன்று மழை பெய்ததாகச் சிலர் சொல்வார்கள். பெய்யவில்லை, மூட்டம்தான். ஆலயம் நிரம்பி வழிந்தது. தலைவருக்காக, நாடாளுமன்றத்துக்காக, எல்லையில் நிற்கும் வீரர்களுக்காக ஜெபித்தோம். பக்கத்திலிருந்த அம்மாள் நகர்ந்து தங்கைக்கு இடம் கொடுத்தார். குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தார். அவள் யார் என்று தெரியாமலே, 'வழி தவறிய பெண்களுக்காக ஜெபியுங்கள்' என்று அச்சடித்த தாளையும் கையில் கொடுத்தார். தங்கை அதைப் படித்தாள், மடித்தாள், குழந்தைக்கு விசிறினாள்.

கூட்டம் கலைந்து மாலையாகியும் அவள் அந்த பெஞ்சிலேயே இருந்தாள். மணிக்காரர் பெருக்கிக்கொண்டிருந்தார். காணிக்கைக் கணக்கை முடிக்க நானும் இருந்தேன்.

"என்ன அண்ணா, என்னையே சுத்திச் சுத்திப் பெருக்குற? அள்ளிக் கொட்டப் போறியா?"

"வாயைப் பாரு உனக்கு."

அவர் மனைவி சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். "யாரையும் கேக்க வேண்டாம். நீ உள்ள வா. நான் அடுப்படியில படுத்துக்கிறேன். என்ன பண்ணிடுவாங்க?"

"உங்களையும் வெளிய அனுப்புவாங்க, அண்ணி. அப்புறம் நாலு பேரும் பஸ் ஸ்டாண்டுல. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைச்சது, வேறென்ன?"

போதகர் வந்தார். குழந்தையின் தலையில் கைவைத்துச் சுருக்கமாக ஜெபித்தார். அதுவும் நல்ல ஜெபம்தான். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "பூட்டிடலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"போதகருக்கு ஒண்ணும் கல்மனசு இல்லீங்க, ஐயா," என்றார் மணிக்காரர் என்னிடம். "காலையில அழுதாரே, பார்த்தீங்கள்ல? நாட்டுக்காக அழுதா யாருக்கும் இடம் கொடுக்க வேண்டியதில்ல."

தங்கை எழுந்து பெட்டியை வெளியே இழுத்தாள். "பூட்டு அண்ணா. என்னால உன் வேலையும் போக வேண்டாம். அடுத்த ஊர் ஆஸ்பத்திரியிலயும் அழுக்குத் துணி இருக்கும்."

அவர் கதவைச் சாத்தினார். குழந்தை சாவியையே பார்த்துக்கொண்டு நின்றது.

"மாமா, ராத்திரி உள்ள யாரு இருப்பாங்க?"

"யாரும் இல்ல, கண்ணு."

"அப்போ நாங்க இருந்துக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். பூட்டிவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பேருந்து நிலையம் பக்கம் முன்னால் நடந்தார் மணிக்காரர். தாயும் மகளும் அவர் பின்னால் போனார்கள். வளாகத்தின் வெளிக்கதவைச் சாத்தும் வேலை எனக்கு வந்தது.