மாட்டிக்கொண்டவர்களோடு பேசுகிறவர்

"சாப்பாடு ஆச்சா?" என்றுதான் ரஞ்சிதம் ஆரம்பிப்பார். மலாய்க்காரர் என்றால் "சுடா மாக்கான்?" சீனப் பாட்டி என்றால் அதையே அரைகுறை ஹொக்கியனில். மறுமுனையில் இருப்பவர் பழுதாகி நின்றுபோன மின்தூக்கிக்குள், இரண்டு மாடிகளுக்கு நடுவே வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒருவர் விசாரிப்பார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். திகைத்துப்போய், "இன்னும் இல்ல" என்பார். அதற்குள் மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்துவிடும். நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த தாளில் முதல் கேள்வி அடுக்குமாடியின் புளோக் எண். ரஞ்சிதம் அதை இரண்டாவதாகத்தான் கேட்பார். பத்தொன்பது வருடமாகத் திருத்திப் பார்த்து மேலதிகாரிகள்தான் ஓய்ந்துபோனார்கள்.

மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தின் அழைப்பு அறை, தேக்கா பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு மின்தூக்கி கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இதைச் சொல்லி ஒரு வாரம் சிரிப்பார்கள். ஐம்பத்தேழு வயதில் இரண்டு முட்டியும் தேய்ந்துபோன ரஞ்சிதத்துக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, "இத்தனை படி ஏறினா பத்துமலையில சாமியாவது கும்பிடலாம்" என்று முனகிக்கொண்டே ஏறுவார். மேலே வந்ததும் செருப்பை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, கவிழ்த்துப் போட்ட பிஸ்கட் டின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். பிறகுதான் ஹெட்செட்.

மகன் பிரேம் அம்மாவுக்கு வேறு வேலை பார்த்துவிட்டான். கிளமெண்டியில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக். தரைத் தளம், வரவேற்பு மேசை, வாரத்தில் ஐந்தே நாள். இன்று நாலு மணிக்கு அங்கிருந்து கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். "யெஸ் சொன்னா போதும்மா, வேற ஒண்ணும் பேசாதீங்க" என்று காலையிலிருந்து மூன்று முறை செய்தி அனுப்பிவிட்டான். வேண்டாம் என்று சொல்ல ரஞ்சிதத்திடம் ஒரு காரணமும் இல்லை. முட்டியைக் கேட்டால் அது நேற்றே போயிருக்கும்.

பார்த்து வைத்தாற்போல் இன்றைக்கே, மூன்றரை மணிக்கு, மனிதவளப் பிரிவிலிருந்து சிவானி வந்து நின்றாள். போன மாதம் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள். அதனால் மிச்சம் இருப்பவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லி மேலிடம் அவளை அனுப்பியிருக்கிறது. போனவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ஆன்ட்டி, ஒரே கொஸ்டின் லா. ஏன் இன்னும் இங்க ஸ்டே பண்றீங்க?"

"போக நேரமில்ல."

"சீரியஸா, ஆன்ட்டி."

"சீரியஸாத்தான் சொல்றேன். முதல் தடவ ரிசைன் லெட்டர் எழுதினேன், பையன் பாலிடெக்னிக்ல சேர்ந்தான். அடுத்த தடவ எழுதினேன், கோவிட் வந்துடுச்சு. மூணாவது லெட்டர் இந்த டிராயர்லதான் எங்கயோ கிடக்கு."

"அப்போ வேலை மேல பேஷன்னு போட்டுக்கவா?"

"பேஷனா? வந்து என் முட்டியப் பாரு."

சிவானி சிரித்தாள். ரஞ்சிதம் குரலைத் தாழ்த்தினார். "இத எழுதாத. வீட்டுல நான் வாயத் திறந்தா பிரேம் காதுல இயர்ஃபோன், மருமக கையில ஃபோன். இங்க அப்படி இல்ல. மாட்டிக்கிட்டவங்க நான் பேசறதக் கேட்டுத்தானே ஆகணும்? பாவம், எங்க ஓடுவாங்க?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இந்த முறை சிவானி சிரிக்கவில்லை. ரஞ்சிதத்துக்கு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

நல்லவேளையாக மேசைப் பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. யாரோ இணைப்பில் வந்துவிட்டார் என்று அர்த்தம். தோ பாயோ வட்டாரத்திலிருந்து இராமசாமி என்ற பெரியவர். மின்தூக்கிச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துக் கைப்பேசியில் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டுவிட்டாராம். ஆனால் அவர் சொன்ன புளோக்கை இடித்துப் பத்து வருடம் ஆகிறது. வயதானவர்கள் பயந்துபோனால் இப்படித்தான், காலிசெய்து வந்த பழைய வீட்டின் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். புதியவர்கள் "அப்படி ஒரு புளோக்கே இல்லை" என்று அவர்களோடு மல்லுக்கட்டுவார்கள். ரஞ்சிதம் அதைச் செய்யமாட்டார்.

"சரிங்கய்யா. காலையில காப்பி எங்க குடிச்சீங்க?"

"கீழதான், கோப்பிக்கடையில. நீல போர்டு போட்டிருப்பான்."

"எதிர்ல கிளினிக் இருக்குமே, அதுவா?"

"ஆமா, ஆமா, அதான்!"

அந்தக் கடை இருக்கும் புளோக்கின் எண்ணை ரஞ்சிதம் குறித்து, பழுதுபார்க்கும் ரஃபீக்குக்கு அனுப்பினார். அவர் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். இணைப்பைத் துண்டித்துவிடலாம், விதிமுறையும் அதைத்தான் சொல்கிறது. ரஞ்சிதம் துண்டிக்கவில்லை. பெரியவர் தன் சர்க்கரை அளவைச் சொன்னார். இவர் முட்டிக்குப் போடும் தைலத்தைச் சொன்னார், பிரேம் சின்ன வயதில் மின்தூக்கிக்குப் பயந்து பன்னிரண்டு மாடி நடந்த கதையைச் சொன்னார். "அப்புறம்?" என்றார் பெரியவர். வீட்டில் ரஞ்சிதத்தை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் முகத்திலிருந்த அசதி கொஞ்சம் விலகியதைச் சிவானி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்செட்டில் மின்தூக்கிக் கதவை நெம்பும் சத்தம் கேட்டது. ரஃபீக்கின் குரல். அவ்வளவுதான், இணைப்பு போய்விட்டது. ரஞ்சிதம் கதையின் நடுவில் இருந்தார். எல்லோரும் அப்படித்தான், கதவு திறந்தால் இந்தக் குரலை யார் நினைக்கிறார்கள்? பச்சை விளக்கு அணைந்தது.

மேசைமேல் இருந்த அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. மணி நாலு. திரையில் கிளமெண்டி கிளினிக்கின் பெயர்.

"ஆன்ட்டி, உங்க ஃபோன்."

பேசாதே என்பதுபோல் ரஞ்சிதம் இடதுகையை அவள் பக்கம் உயர்த்திக் காட்டினார். வலதுகையால் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ம்... சொல்லுங்கய்யா. நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை. சிவானி அதைப் பார்த்தாள், ரஞ்சிதத்தைப் பார்த்தாள். கைப்பேசி அடித்து ஓயும்வரை ரஞ்சிதம் உயர்த்திய கையை இறக்கவில்லை.