டிரைவர் எழுதினவருக்கு ஒரு துஆ

யுத்தம் முடிந்த வருடம், லினக்ஸைப் புதுப்பித்த கையோடு என் லப்டொப்பின் திரை கறுத்துப்போனது. சுனாமி கொண்டுபோன அம்மாவின் படங்களை வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி அதில்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

கல்முனைக்குடியில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். வெள்ளைத் தொப்பி, மருதாணியில் சிவந்த தாடி. எந்த மெசினைக் கொடுத்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல முதலில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

"படமெல்லாம் உள்ளுக்க பத்திரமா இரிக்கி டீச்சர். திரையில படம் காட்டுற கிராபிக்ஸ் கார்ட் செஞ்ச கொம்பனிக்காரன், லினக்ஸில இந்தப் பழைய கார்ட்ட ஓட வைக்கிற டிரைவர் புரோகிராம் தாறத்த நிப்பாட்டிட்டான். அதான் திரையில ஒண்டும் வருதில்ல."

"அப்ப என்ன செய்ற, நானா?" அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"வேற ஆக்கள் சும்மா எழுதி இன்டர்நெட்டில போட்ட டிரைவர் ஒண்டு இரிக்கி. அதப் போட்டுப் பாப்பம்."

பள்ளிவாசலில் பின்னேரத்து அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்பதற்குள் திரை வெளித்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்த என்னைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, அவர் இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"யா அல்லாஹ், இத எழுதின மனிசன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியா. உனக்குத் தெரியும். அவருக்கு பரக்கத் செய்."

எனக்கும் "ஆமீன்" என்று வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கடைக்காரரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டு பேர் ஐயா, பேர் தெரியா," என்றேன். "சாமிக்குத் தெரியும்."