மலைக்கு ஒரு பாட்டில், ஊசிக்கு ஒரு பாட்டில்

மலை எங்கே என்று கேட்டால், அந்தத் தெருவில் தவழும் குழந்தைகூட கறிக்கடைப் பக்கம் கையைக் காட்டும். கறிக்கடைக்காரர் அப்படி ஓர் ஆகிருதி. அவர் கடைக்குள் நுழைந்தால் காற்று வெளியே வந்துதான் ஆக வேண்டும். நாற்காலிகள் அவரைக் கண்டாலே சாமி கும்பிடும். அவர் மனைவிக்குத் தெரு வைத்த பெயர் ஊசி. உடம்பும் அப்படி, நாக்கும் அப்படி. மலையைக் குடைந்து சுரங்கம் போடும் வேலையை அந்த ஊசி கல்யாணமான நாளிலிருந்து செய்துகொண்டிருந்தது.

மலையின் ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கும் ஏறிக் கிடக்கிறது, இருதயத்துக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"தினம் ஒண்ணு. ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது" என்றார்.

"காலம்பூரா கொழுப்பை வெட்டிக் கூறு போட்டவன் நான். என் கொழுப்பைக் கரைக்க இந்தச் சுண்டைக்காயா வரும்?" என்று மலை சிரித்த சிரிப்பில் சுவர்க் காரை உதிர்ந்தது. மாத்திரை அட்டை பிரிக்காமலே தராசுக்குப் பின்னால் போய்த் தூசி தின்றது.

அப்புறம்தான் அந்த நுரையீரல் காய்ச்சல் வந்தது. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. மலை இருமினால் அடுத்த வீட்டுப் பாத்திரங்கள் உருண்டு ஓடின. ஊசி இருமினால் சத்தமே வராது, விசில்தான் வரும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. அந்த விசில் கேட்டால் மலை ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். ஆனால் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். அன்பு ரொம்பப் பொங்கினால், "ஏய், தண்ணி குடிச்சியா?" என்று திட்டுகிற மாதிரி கேட்பார். அதோடு சரி.

ஒரு நாள் டாக்டரம்மா முகக்கவசம் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு பாட்டில்.

"அய்யா, கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை இந்தக் காய்ச்சலுக்கும் கேட்குமான்னு ஒரு ஆராய்ச்சி பண்றோம். நீங்க ரெண்டு பேரும் சேருறீங்களா? ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிடறவங்களைச் சேர்க்க மாட்டோம். நான் எழுதிக் கொடுத்ததை நீங்க சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுகூடத் தொடலைங்க" என்றார் மலை, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு விவரம் சொன்னார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு அசல் மாத்திரை. மீதிப் பேருக்குப் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் மருந்து இல்லாத வெறும் மாத்திரை. அப்போதுதான் அசலுக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியும்.

"எங்களுக்கு எது?"

"எனக்கே தெரியாதுங்க. தெரியக் கூடாது. அதான் விதி."

"எது மருந்துன்னு டாக்டருக்கே தெரியக் கூடாதா? இந்த வேலையை நானே பார்ப்பேனே!"

ஊசி கணவனை இடித்தாள். "வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. உங்களைத் தூக்கிக்கிட்டுப் போக எட்டு ஆளு வேணும். தெருவுல ஒருத்தனுக்கும் இப்ப தெம்பு இல்லை."

டாக்டரம்மா இரண்டு பாட்டிலிலும் அவரவர் பெயரை ஒட்டிக் கொடுத்தார். அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரரும் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார். அளவெடுக்காமலே சட்டை தைப்பவர், அதே மாதிரி யோசிக்காமலே யோசனை சொல்லுவார். மதில் மேல் தலையை நீட்டினார்.

"அண்ணே, இது கொழுப்பைக் கரைக்கிற மாத்திரைதானே?"

"ஆமாம்."

"அப்ப ஒரு கொழுப்புத் துண்டு மேல வையுங்க. கரைஞ்சா அசல். கரையலைன்னா டம்மி. இதுக்குப் போயி இத்தனை டாக்டருங்க மண்டையை உடைச்சுக்கணுமா? எனக்கும் ஒரு துண்டு கொடுங்கண்ணே, என்னோடதையும் பார்த்துடறேன்."

மலை அசந்து போனார். உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் கறிக்கடை வைத்திருந்தால் இந்நேரம் நோயே இருந்திருக்காது என்று தோன்றியது. ஊசி குளிக்கப் போன சமயம் பார்த்து, குளிர்பெட்டியிலிருந்து கொழுப்பை எடுத்தார். இரண்டு தட்டு. ஒன்றில் தன் மாத்திரை, ஒன்றில் அவள் மாத்திரை. தன் தட்டை ஜன்னல் ஓரம் வைத்தார். உச்சி வெயில் அங்கேதான் தீயாக விழுந்தது. அவள் தட்டுக்கு அங்கே இடமில்லை, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் தட்டில் கொழுப்பு குளமாகி, அதில் மாத்திரை நீச்சல் அடித்தது. அவள் தட்டில் கொழுப்பு கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது.

மலை இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மலை மாதிரி இருக்கிற எனக்கு அசல், இழுப்புக்காரிக்கு டம்மியா? வெயிலும் பானையும் அவர் புத்தியில் எட்டவே இல்லை. பாட்டில்களை எடுத்தார். தன்னுடையதை அவள் பாட்டிலிலும், அவளுடையதைத் தன் பாட்டிலிலும் கொட்டினார். பெரிய தியாகம் செய்துவிட்ட களைப்பில் ஒரு பாத்திரம் சோற்றைச் சாப்பிட்டுப் படுத்தார்.

ஈரத்தலையோடு கதவோரம் நின்று ஊசி அவர் பாட்டில் மாற்றினதைப் பார்த்துவிட்டாள். மதில் பேச்சும் அவள் காதில் விழுந்துதான் இருந்தது. உருகினது எந்தத் தட்டு, உருகாதது எந்தத் தட்டு என்பதுதான் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மனுஷன் திருட்டுத்தனமாகச் சோதித்தான், திருட்டுத்தனமாக மாற்றினான். எதற்கு மாற்றுவான்? நல்லதைத் தான் முழுங்கத்தான்!

'கட்டின பொண்டாட்டி மூச்சு இழுக்குறா, இந்த ஆளு அசலைத் தூக்கிக்கிறான் பாரு' என்று பல்லைக் கடித்தாள். மலை குறட்டை விட்டதும் பாட்டில்களைப் பழையபடி மாற்றி வைத்தாள். அன்றிலிருந்து அவருக்குத் தண்ணீர் டம்ளரை வைக்கும்போது மேஜை அதிரும். மலையோ, மருந்து வேலை செய்கிறது, அவளுக்குத் தெம்பு வருகிறது என்று உள்ளுக்குள் பூரித்தார்.

பூரிப்பு நிலைக்கவில்லை. ஒரு காலையில் ஊசியால் திட்ட முடியவில்லை. பாதி வசவில் மூச்சு நின்று நின்று வந்தது. உதடு நீலம் பாய்ந்தது. வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது. காய்ச்சல்காரர் என்பதால் மலையையும் கூடவே ஏற்றினார்கள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடியது.

வார்டில் அவள் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள். கட்டில் ஓரம் நின்ற மலை, டாக்டரம்மாவைக் கண்டதும் குழந்தை மாதிரி உடைந்து போனார்.

"நல்ல மாத்திரையைத்தானே அவளுக்குக் கொடுத்தேன்! அப்புறமும் ஏன்மா இப்படி ஆச்சு?"

"எந்த நல்ல மாத்திரை?"

"என்னோடதும்மா! கொழுப்புல வச்சுப் பார்த்தேன், அதுதான் கரைச்சுது. அதை அவ பாட்டில்ல போட்டுட்டு, டம்மியை நான் முழுங்குனேன். எனக்கு என்ன ஆனா என்ன? அவ இல்லைன்னா என்னை யாரும்மா திட்டுவா?"

கட்டிலிலிருந்து ஒரு மெல்லிய கை எழுந்து ஆக்சிஜன் மூடியை விலக்கியது.

"யோவ்... அசலை... எனக்கா வச்சே?" கல்யாணமாகி முதல் தடவையாக மரியாதை பறந்துவிட்டது. "நான்... அன்னிக்கே... திருப்பி மாத்திட்டேனே!"

"அடிப்பாவி!"

"மூடியைப் போடுங்கம்மா முதல்ல!" என்று டாக்டரம்மா கத்தினார். பிறகு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். படித்த படிப்பெல்லாம் கண் முன்னால் கொழுப்பாக உருகி ஓடுவதைப் பார்க்கிற முகம்.

நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டும் எது யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாமாம். டாக்டரம்மா ஆராய்ச்சி ஆபீசுக்குப் போன் போட்டார். மலை, மூடி போட்ட ஊசியின் கையை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவளும் உதறவில்லை.

டாக்டரம்மா போனை வைத்தார். "ரெண்டு பேரோடதும் வெறும் மாத்திரைதான்."

ஊசியின் மூடிக்குள்ளிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம். அது மூச்சு இல்லை, சிரிப்பு.

ஆக்சிஜனும் வார்டு மருந்தும் அவளை மீட்டுக் கொண்டு வந்தன. இருவர் பெயரையும் ஆராய்ச்சியிலிருந்து அடித்துவிட்டார்கள். அசல் மாத்திரைக்கு இந்தக் காய்ச்சலில் வேலை உண்டா என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. தையல்காரர் மட்டும், "என்னோடது கரைஞ்சுது, நான் அசல் கட்சி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஊசியிடம், "அம்மா, காய்ச்சலுக்கு எப்படியோ, அய்யா இருதயத்துக்கு அந்த மாத்திரை கண்டிப்பா வேணும்" என்று சொல்லி அனுப்பினார். ஊசி நேராகக் கடைக்குப் போனாள். தராசுக்குப் பின்னால் கையை விட்டு அட்டையைத் தூசி தட்டி எடுத்தாள், தேதி பார்த்தாள், தூக்கி எறிந்தாள். மருந்துக் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்து நீட்டினாள்.

"இந்தாங்க. இது அசலுக்கெல்லாம் அசல். முழுங்குங்க."

"ஒரு நிமிஷம் இரு" என்ற மலை, வெட்டுக்கட்டை மேலிருந்த கொழுப்புத் துண்டில் மாத்திரையை வைத்துக் குனிந்து பார்த்தார். அன்றைக்கு நல்ல மேகமூட்டம். கொழுப்பு அசையவே இல்லை.

"பார்த்தியாடி? இதுவும் டம்மி! மருந்துக் கடைக்காரன் நம்மளை நல்லா ஏமாத்திட்டான்!"

ஊசி மாத்திரையை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் வாயில் திணித்தாள். தண்ணீரை ஊற்றினாள். "நாக்கைத் தூக்குங்க" என்று வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க இல்லைன்னா யாரைத் திட்டுவேனாம் நான்?"