யஹ்யாவின் சொந்தக்காரர்கள்

காலை ஆறு மணிக்கு டூட்டிக்கு வந்ததும் யஹ்யா தொப்பியைக் கழற்றுகிறார். முதல் சலாம் புல்வெளியில் நிற்கும் கொக்குகளுக்கு. மேனேஜருக்கு இரண்டாவது சலாம்தான். அதற்குத் தொப்பி கழலாது. ஓமான் நாட்டுச் சலாலாவின் இந்தக் கடற்கரை ஹோட்டலில் கண்ணாடிக் கதவு துடைக்கிற ஏழு வருஷமாக இதைப் பார்க்கிறேன்.

யஹ்யா உகாண்டாக்காரர், வாசல் செக்யூரிட்டி. தொழிலாளர் கேம்ப்பில் எட்டுத் தமிழர்களோடு ஒரே ரூமில் கிடந்து ராமநாதபுரத்துத் தமிழை வசவோடு சேர்த்துக் கற்றவர். அவர் குலத்துக்குக் கொக்கு உறவாம். தின்னக்கூடாது, விரட்டக்கூடாது.

சூப்பர்வைசர் பாலகுருவுக்கு இது போதாதா?

"அப்ப நான் கோழி தின்னா உன் சித்தப்பனைத் தின்ன மாதிரியாடா?"

"கோழி வேற வீட்டு ஆளு அண்ணே. வீட்டுக்கு ஒண்ணுன்னு பாத்துக்கிட்டா எல்லாமே மிச்சம் இருக்கும்ல."

"கொசு எந்த வீடு?"

யஹ்யா நிதானமாக யோசித்தார். "அது கம்பெனி ஆளு."

எங்கள் ஹோட்டலும் இயற்கைமேல் உயிரையே வைத்திருக்கிறது. துண்டை இரண்டு நாள் உபயோகித்துப் பூமியைக் காப்பாற்றும்படி ரூமுக்கு ரூம் அட்டை உண்டு. வரவேற்பறையில் ஆளுயரக் கொக்குப் படம் இருக்கிறது. படம் எச்சம் போடாது. நிஜக் கொக்கு ஒன்று போன மாதம் ஒரு விருந்தாளியின் ஆம்லெட்டில் போட்டுவிட்டது. அந்த வாரமே கொக்குகளை விரட்டக் கழுகுபோல் அலறும் மெஷின் வந்து இறங்கியது. சுவிட்ச் யஹ்யாவின் பொறுப்பு.

"நான் அமுக்க மாட்டேன்" என்றார்.

அமுக்காவிட்டால் வேலை கலாஸ், ஊருக்கு டிக்கெட் என்றார் மேனேஜர். யஹ்யாவின் மூன்று பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். அன்றைக்குப் பாலகுரு கேலி பேசவில்லை. "டேய், கொக்கு பறந்து வேற எடம் போயிரும். நீ எங்க போவ?"

"விரட்டுறதுகூடப் பரவால்ல அண்ணே. கழுகே இல்லாம கழுகுன்னு சொல்லணுமா? சொந்தக்காரங்ககிட்ட?"

மறுநாள் காலையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு புல்வெளியின் நடுவே போனார். முழங்காலில் கையூன்றிக் குனிந்து தன் பாஷையில் வெகுநேரம் பேசினார். பிறகு வந்து அமுக்கினார். கொக்குகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. அடுத்த நாளும் குனிந்து பேசிவிட்டு அமுக்கினார், பாதிதான் பறந்தன. நாலாம் நாள் ஒன்றும் அசையவில்லை.

என்ன சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"கழுகு மாஃபி, கழுகே இல்ல, பொட்டிதான் கத்துது, அமுக்குறது நான்தான், மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன் அக்கா."

மஸ்கட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, மெஷினில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது தினமும் ஏழு மணிக்குக் கழுகு அலறுகிறது. விருந்தாளிகள் திடுக்கிட்டுக் காபியைக் கொட்டிக்கொள்கிறார்கள். மெஷின்மேல் ஒரு கொக்கு நிற்கிறது. யஹ்யா வேலையில் இருக்கிறார். அமுக்குவதற்கு முன்னும் ஒருமுறை தொப்பியைக் கழற்றுகிறார்.